வெளிநாட்டுக் கால்பந்து கிளப்பில் ஆடப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

2017 ஆகஸ்ட் 31, டிரான்ஸ்ஃபர் விண்டோவின், அதாவது கிளப்கள் புது வீரர்களைப் பதிவு செய்ய அனுமதிக்கப்பட்ட காலத்தின், கடைசி நாள். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து அட்ரியன் சில்வாவை இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி வாங்குகிறது. ஒரு வருடம் முன்புதான் யூரோ கோப்பை வென்ற அணியில் இருந்தவர். பேரம் படிந்தாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் ஆவணங்கள் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் கணினிக்குள் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிந்து 14 விநாடிகள் ஆகியிருந்தன. 2018 ஜனவரி வரை அவரால் புது கிளப்புக்காக ஒரு போட்டியில்கூட இறங்க முடியவில்லை. காயம் இல்லை, ஃபார்ம் போகவில்லை. காகிதம் தாமதம், அவ்வளவுதான்.

பெரிய கிளப்புக்கே இந்த நிலைமை என்றால், முதன்முதலாக எல்லை தாண்டப் போகும் ஒருவருக்கு எவ்வளவு இடறல்கள் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பந்தை எப்படி ஆடுவது என்று இந்தக் கட்டுரை சொல்லாது. அது உங்களுக்கே தெரியும். உள்ளூரில் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடுகிற விஷயங்கள் வெளிநாட்டில் காகிதத்தில்தான் நிற்கும். அந்தக் காகிதங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதலில் கனவை ஓரளவு தரைக்குக் கொண்டுவந்துவிடலாம். வீரர்களின் உலகளாவிய சங்கமான ஃபிஃப்ப்ரோ, 2016-இல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 வீரர்களிடம் விசாரித்தது. 45 சதவீதம் பேர் மாதம் ஆயிரம் டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தார்கள். முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாக வந்ததாக 41 சதவீதம் பேர் சொன்னார்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற கால்பந்து இதன் மேல்தட்டு மட்டுமே. நீங்கள் முதலில் போய் இறங்கப் போவது அநேகமாக இந்த 41 சதவீதத்துக்கு நடுவில்தான். பயந்து பின்வாங்கச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

எந்த லீக் என்பதை விதிமுறையும் சேர்ந்தே முடிவு செய்கிறது

எல்லோரும் முதலில் பார்ப்பது லீக்கின் பெயரை. நான் முதலில் பார்க்கச் சொல்வது வெளிநாட்டு வீரர்களுக்கான விதியை. நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் 20 வயது தாண்டிய வீரருக்கு, முதல் டிவிஷனின் சராசரிச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்தால்தான் வேலை அனுமதி. ‘குறைந்த சம்பளத்துக்கு வருகிறேன், ஒரு வாய்ப்பு கொடுங்கள்’ என்று நீங்களே கேட்டாலும் கிளப்பால் எடுக்க முடியாது. அத்தனை சம்பளம் கொடுக்கிற அளவுக்கு உங்களை நம்பினால் மட்டுமே கதவு திறக்கும். பெல்ஜியத்திலும் இப்படி ஒரு குறைந்தபட்சச் சம்பள வரம்பு உண்டு.

இங்கிலாந்தில் கணக்கு வேறு மாதிரி. 2021 முதல் ஐரோப்பியர் உட்பட வெளிநாட்டு வீரர்களுக்குப் புள்ளி முறை. உங்கள் தேசிய அணியின் தரவரிசை, அதில் நீங்கள் ஆடிய போட்டிகளின் விகிதம், இப்போதைய லீக்கின் தரம், அதில் களத்தில் நின்ற நிமிடங்கள் என்று கூட்டி 15 புள்ளி வந்தால் நேரடியாகத் தகுதி. ஜெர்மனியின் முதல் டிவிஷனில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பே கிடையாது. அமெரிக்காவின் முதன்மை லீக்கான எம்எல்எஸ்ஸில் வெளிநாட்டு வீரரைச் சேர்க்க ‘சர்வதேச இடம்’ என்று ஒன்று வேண்டும், அதைக் கிளப்கள் தங்களுக்குள் விற்கவும் வாங்கவும் செய்கின்றன. உங்களைப் பிடித்திருந்தும் இடம் கைவசம் இல்லை என்பதாலேயே ஒரு கிளப் கைவிரிக்கலாம்.

காலண்டரையும் பாருங்கள். நார்வே, ஸ்வீடன் லீக்குகள் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடிபவை. மற்ற ஐரோப்பிய லீக்குகள் சீசனின் நடுவில் இருக்கும் குளிர்காலத்தில் இவர்கள் புதிதாக அணி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். கையில் கிளப் இல்லாத வீரருக்கு இது நல்ல நேரம்.

பார்க் ஜி-சுங் போன பாதையைப் பாருங்கள். 2000-இல் தென்கொரியாவின் பல்கலைக்கழக அணியிலிருந்து நேராக ஜப்பானின் கியோட்டோவுக்குப் போனார். அந்த அணி கீழே இறங்கியது, 2001 முழுக்க இரண்டாம் டிவிஷனில் ஆடினார். 2003-இல் நெதர்லாந்தின் பிஎஸ்வி. அங்கே ஆரம்பத்தில் சொந்த ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் ஆடிக்கொண்டே இருந்தார் என்பதுதான் விஷயம். பெரிய கிளப்பின் பெஞ்சைவிடச் சின்ன கிளப்பின் களம் புதியவருக்கு எவ்வளவோ மேல். அடுத்த கிளப் முதலில் கேட்பது நிமிடக் கணக்கைத்தான்.

வயது 18 ஆகவில்லையா? கொஞ்சம் பொறுங்கள்

18 வயதுக்குக் கீழ் உள்ளவர் நாடு விட்டு நாடு மாறி ஆட ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்திருக்க வேண்டும், அல்லது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 முதல் 18 வயதுக்குள் மாற வேண்டும், அல்லது வீடும் கிளப்பும் எல்லைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ‘மெஸ்ஸி 13 வயதிலேயே பார்சிலோனா போனாரே’ என்று கேட்பார்கள். அது 2000-ஆம் ஆண்டு, இந்த விதி வந்தது அதற்கு அடுத்த வருடம். அதே பார்சிலோனா இந்த விதியை மீறியதற்காக இரண்டு விண்டோக்கள் யாரையும் பதிவு செய்ய முடியாமல் தண்டனை அனுபவித்தது. எனவே 15 வயதுப் பையனுக்கு ‘ஐரோப்பிய அகாடமியில் இடம்’ என்று யாராவது சொன்னால், எந்த விதிவிலக்கின்படி என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும்.

வீடியோ

சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். நான்கைந்து நிமிடம் போதும், பின்னணி இசை வேண்டாம். கோல்களை மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள். பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறீர்கள், பந்தை இழந்ததும் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் கிளப்புக்காக வீரர்களைத் தேடும் ஸ்கவுட் பார்ப்பார். ஒவ்வொரு காட்சியிலும் நீங்கள் யார் என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள். கூடவே ஒரு முழுப் போட்டியின் பதிவுக்கு இணைப்பு கொடுங்கள். முழுப் போட்டியைக் காட்டத் தயங்குகிறவர் மேல் சந்தேகம் வருவது இயல்பு.

ஏஜென்ட்

ஏமாறுகிறவர்களில் அதிகம் பேர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாக. ஒரு நாள் காலையில் இப்படி ஒரு செய்தி வரும்: ‘உங்கள் வீடியோவைப் பார்த்தோம். எங்கள் கிளப் இரண்டு வார டிரையலுக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. விசாவுக்கும் பதிவுக்கும் ஆகும் செலவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.’ கிளப்பின் சின்னம் இருக்கும், ஒரு முத்திரையும் இருக்கும். மின்னஞ்சல் மட்டும் யார் வேண்டுமானாலும் திறந்துகொள்ளக்கூடிய இலவசக் கணக்காக இருக்கும்.

உண்மையில் உங்களை விரும்புகிற கிளப் டிரையலுக்கு, அதாவது உங்களை ஆட வைத்துப் பார்க்கும் சோதனைக்கு, உங்களிடம் பணம் கேட்காது. அந்தக் கடிதத்தில் இருக்கிற எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். கிளப்பின் சொந்த இணையதளத்தில் இருக்கிற எண்ணைத் தேடி எடுத்து, கடிதத்தில் கையெழுத்திட்டவர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை.

ஏஜென்டாகத் தொழில் செய்ய ஃபிஃபா உரிமம் வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு. புது முறையில் முதல் தேர்வு 2023 ஏப்ரலில் நடந்தது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபாவின் தளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால், ‘நான் ஏஜென்ட் இல்லை, ஆலோசகர்’ என்று அவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வீரருடன் ஏஜென்ட் போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஐந்து வருடம் என்று எழுதிக்கொண்டு வந்தால் அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். கமிஷன் எத்தனை சதவீதம், எதன் மேல், யார் கொடுப்பது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

டிரையலும் மருத்துவப் பரிசோதனையும்

டிரையலுக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: அழைப்புக் கடிதம், காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற உறுதி. காப்பீடு இல்லாமல் போய் முழங்கால் தசைநார் கிழிந்து திரும்பினால், வாய்ப்பும் போய்க் கடனும் சேரும். விசாவும் முக்கியம். சுற்றுலா விசாவில் இறங்கி, அங்கேயே இருந்து வேலை அனுமதி வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த நாட்டுத் தூதரகத்திடம் கேட்காமல் நம்ப வேண்டாம்.

களத்தில் முதல் பத்து நிமிடம் யாரும் உங்களுக்குப் பந்து தர மாட்டார்கள். உங்கள் இடத்தில் ஆடுகிறவரின் நண்பர்கள்தான் மற்ற பத்துப் பேரும். கோபப்படாமல் ஓடுங்கள், இடத்தைத் திறந்துகொடுங்கள். முதல் பந்து வந்ததும் நான்கு பேரைத் தாண்டிக் காட்டும் ஆசை வரும். இரண்டு தொடுதலில் சரியான ஆளுக்குக் கொடுத்துவிட்டு நகருங்கள். இரண்டாவது பந்து சீக்கிரம் வரும்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. இதயம், முழங்கால், இடுப்பு, பழைய காயம் எல்லாம் பார்ப்பார்கள், பல்லைக்கூட. 2009-இல் போர்டோவின் அலி சிசோகோ ஏசி மிலானுக்குப் போவதாக இருந்த ஒப்பந்தம், பல் பிரச்சினையைக் காரணம் காட்டி முறிந்தது. (பிறகு லியோன் கிளப் அவரை எடுத்துக்கொண்டது, பல் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.) பழைய காயத்தை மறைக்காதீர்கள். எம்ஆர்ஐ படங்களையும் அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால், அது உங்களுக்குச் சாதகமாகத்தான் வேலை செய்யும்.

ஒப்பந்தம்: இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

உங்களுக்குத் தெரியாத மொழியில் இருக்கும். ‘வழக்கமான படிவம்தான், எல்லாரும் இதில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்’ என்பார்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். இரண்டு மொழிகளில் இருந்தால், முரண்பாடு வரும்போது எந்த மொழி செல்லும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

முதல் கேள்வி: சொன்ன தொகை வரிக்கு முன்னா, பின்னா? இதைத் தெளிவாக எழுதாத ஒப்பந்தத்தால் பாதிச் சம்பளம்வரை காணாமல் போகலாம். அடுத்தது மாதக் கணக்கு. வருடச் சம்பளத்தைப் பத்தால் வகுத்துப் பத்து மாதம் கொடுக்கிற கிளப்கள் இருக்கின்றன. சீசன் இல்லாத இரண்டு மாதமும் வீட்டு வாடகை கட்டத்தான் வேண்டும். எந்த நாணயத்தில், மாதத்தின் எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு என்பதும் இருக்கட்டும். நாணய மதிப்பு ஆடிக்கொண்டே இருக்கும் நாட்டில், டாலரில் பேசி உள்ளூர்ப் பணத்தில் கொடுக்கும்போது எந்த நாள் மாற்று விகிதம் என்பதை வைத்தே ஒரு சண்டை வரும்.

நான் படித்த ஒப்பந்தம் ஒன்றில் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘வீரர் மருத்துவப் பரிசோதனையில் தேறி, வேலை அனுமதி பெற்றால் மட்டுமே இந்த ஒப்பந்தம் செல்லுபடியாகும்.’ நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் ஃபிஃபா விதியின் 18-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே செய்துகொள்வது கிளப்பின் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட பிறகு ‘முழங்கால் சரியில்லை’ என்று கழட்டிவிட முடியாது. அந்த வரியை அடித்துத் தரச் சொன்னோம், மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கிற விஷயங்கள் இப்படி நிறைய இருக்கின்றன.

காயம் பட்டால் முழுச் சம்பளம் தொடருமா? ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டுமா, அப்படியென்றால் அந்த வருடச் சம்பளம் எவ்வளவு கூடும்? அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் குறையுமா? வேறு கிளப் கேட்டால் எவ்வளவு தொகைக்கு விட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? வீடு, விமான டிக்கெட், குடும்பத்துக்கான விசா? வாயால் சொன்ன எதுவும் கணக்கில்லை, போனஸ் உட்பட.

இன்னொன்று. சம்பளத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைப் ‘படவுரிமை ஒப்பந்தம்’ (உங்கள் படத்தையும் பெயரையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமைக்கானது) என்று தனித் தாளில் எழுதுவார்கள். வரியில் லாபம் என்பார்கள். பணம் வராதபோது அந்தத் தனித் தாளைத் தன் வரம்புக்குள் வராதது என்று ஃபிஃபா தீர்ப்பாயம் ஒதுக்கிவிடலாம். வரித்துறைக்கும் இதன் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. படவுரிமை வருமான வரி விவகாரத்தில் மெஸ்ஸிக்கே 2016-இல் ஸ்பெயின் நீதிமன்றம் 21 மாதச் சிறைத்தண்டனை விதித்து, பின்னர் அது அபராதமாக மாறியது. முதல் ஒப்பந்தம் போடுகிறவருக்கு இந்த வம்பு தேவையில்லை.

காலம் எவ்வளவு? விதிப்படி அதிகபட்சம் ஐந்து வருடம், 18 வயதுக்குக் கீழ் மூன்று. முதல்முறை போகிறவருக்கு ஒன்றரை, இரண்டு வருடம் போதும் என்பது என் கருத்து. நன்றாக ஆடினால் அவர்களே புதுப்பிக்க வருவார்கள், மோசமான இடமாக இருந்தால் நீங்கள் கிளம்பலாம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் அடுத்த கிளப்புடன் கையெழுத்துப் போட விதியே அனுமதிக்கிறது. ஒப்பந்தம் முடிந்த வீரரை மாற்றுத்தொகை கேட்டுப் பிடித்து வைக்கக் கூடாது என்ற நிலை, ஜான்-மார்க் போஸ்மன் என்ற பெல்ஜிய வீரர் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து வந்தது. தன் ஆட்ட வாழ்க்கையின் ஐந்து வருடத்தை அவர் அந்த வழக்குக்கே கொடுத்தார்.

ஐடிசி என்ற மூன்றெழுத்து

சர்வதேச இடமாற்றச் சான்றிதழ். உங்கள் பழைய நாட்டுக் கால்பந்துச் சங்கம் புதிய நாட்டுச் சங்கத்துக்கு அனுப்புவது. இது இல்லாமல் அதிகாரப்பூர்வப் போட்டியில் இறங்க முடியாது. 2010 முதல் எல்லாம் டிஎம்எஸ் என்ற ஃபிஃபாவின் கணினி வழியாகத்தான், ஆரம்பத்தில் சொன்ன 14 விநாடிக் கதை நடந்ததும் அங்கேதான். இந்த வேலையைக் கிளப் செய்யும், நீங்கள் செய்ய முடியாது. ஆனால் பாஸ்போர்ட் நகல், பழைய ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆதாரம் இரண்டையும் முன்கூட்டியே தெளிவாக ஸ்கேன் செய்து வைத்திருக்கலாம். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டலும் பழைய பதிவில் இன்னொன்றும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். கெடு நாளில் அது பெரிய தலைவலி.

23 வயதுக்குள் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு இன்னொரு முடிச்சு: பயிற்சி இழப்பீடு. 12 முதல் 21 வயது வரை உங்களை வளர்த்த கிளப்களுக்குப் புதிய கிளப் பணம் கொடுக்க வேண்டும். வளர்த்தவர்களுக்கு நியாயமான பணம்தான். ஆனால் அந்தத் தொகையைப் பார்த்தே சின்ன கிளப்கள் பின்வாங்கிவிடும். பழைய கிளப்புடன் நல்லுறவு இருந்தால், இழப்பீடு வேண்டாம் என்றோ குறைத்துக்கொள்வதாகவோ கடிதம் கேட்டுப் பாருங்கள். சண்டை போட்டுக் கிளம்பாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

பதிவான பிறகும் ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்களில் பதிவாகலாம், இரண்டுக்கு மட்டுமே ஆடலாம். அவசரப்பட்டு மாறிக்கொண்டே இருந்தால் மீதி சீசன் வீட்டில்தான்.

முதல் ஆறு மாதம்

இலக்கணம் பிறகு வரட்டும், களத்துச் சொற்களை முதல் வாரமே மனப்பாடம் செய்யுங்கள். ‘ஆள் வருது’, ‘திரும்பு’, ‘நேரம் இருக்கு’, ‘விடு’, ‘மேலே ஏறு’ என்று பதினைந்து இருபது சொற்கள். பின்னால் ஆள் வருவதை ஒருவர் கத்திச் சொல்லி, அது புரியாமல் நீங்கள் பந்தை இழந்து கோல் விழுந்தால், அடுத்த வாரம் பெஞ்ச்தான்.

இருமலுக்கு மாத்திரை போடுவதற்கு முன் அணி மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன சத்துப்பொடிக்கும் இதே விதிதான். மான்செஸ்டர் சிட்டி வீரர் கோலோ டூரே 2011-இல் மனைவியின் எடைக்குறைப்பு மாத்திரையை எடுத்துக்கொண்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி ஆறு மாதத் தடை வாங்கினார். மோசடி நோக்கம் இல்லை என்று ஏற்றுக்கொண்டுதான் அந்த ஆறு மாதம்.

ஆட்டம் உடனே வராது. லெவண்டோவ்ஸ்கி 2010-இல் போலந்திலிருந்து ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்குப் போன முதல் சீசனில் லீக்கில் எட்டு கோல்தான் அடித்தார், அடுத்த சீசனில் 22. உங்களுக்கும் ஒரு சீசன் ஆகலாம். அதற்கு ஏற்ற காலத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

சம்பளம் வரவில்லை என்றால்

பயிற்சியை நிறுத்தாதீர்கள். கோபத்தில் விமானம் ஏறிவிடாதீர்கள். ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று கதை திரும்பிவிடும். தினமும் பயிற்சிக்குப் போய், போனதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்து மூலமாகக் கிளப்புக்குக் கெடு கொடுங்கள். குறைந்தது 15 நாள். எவ்வளவு பாக்கி, எந்தெந்த மாதம், எந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று தெளிவாக இருக்கட்டும். 15 நாளும் போய்ப் பணம் வரவில்லையென்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதியின் 14bis என்ற பிரிவு இடம் கொடுக்கிறது. அதன்பின் ஃபிஃபாவின் தகராறு தீர்ப்பு அவையில் முறையிடலாம். வீரருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு வந்தும் கிளப் பணம் கட்டாவிட்டால் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழும், பல கிளப்கள் அப்போதுதான் பேச வருகின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் ‘தகராறு உள்ளூர் மன்றத்தில் மட்டுமே’ என்று இருந்தால் ஃபிஃபா கதவு அடைபடலாம் என்பதால், கையெழுத்துக்கு முன் அந்த வரியையும் தேடுங்கள். வீரர்கள் சங்கம் அந்த நாட்டில் இருந்தால் முதல் மாதமே உறுப்பினராகிவிடுங்கள்.

பெண் வீரர்களுக்கு 2021 முதல் மகப்பேறு பாதுகாப்பு உண்டு: குறைந்தது 14 வாரம் விடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு சம்பளம். ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னார்ஸ்தோத்திர், கர்ப்பகாலச் சம்பளத்தை முழுதாகத் தராத லியோன் மீது வழக்குத் தொடுத்து 82,000 யூரோவுக்கு மேல் பெற்றார். ஐரோப்பாவின் மிகப் பெரிய பெண்கள் அணிகளில் ஒன்றை எதிர்த்துத்தான்.

கிளம்பும் நாள்

ஒப்பந்தம் முடிந்தோ, பேசி முறித்தோ கிளம்பும்போது அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். ‘எனக்குச் சேர வேண்டியது எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இருக்கும். விமானத்துக்கு மூன்று மணி நேரம்தான் இருக்கும், கடைசி மாதச் சம்பளமும் போனஸும் ‘திங்கட்கிழமை போட்டுவிடுவோம்’ என்பார்கள். கையெழுத்தைப் போடாமல் தாளின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கணக்கில் ஏறிய பிறகு ஸ்கேன் செய்து அனுப்புவதாகச் சொல்லுங்கள். கேட்டு வாங்க வேண்டியவை வேறு இருக்கின்றன: வரி கட்டியதற்கான சான்று, ஓய்வூதியத்துக்குப் பிடித்தம் செய்திருந்தால் அதன் எண், இரண்டு வருட மருத்துவக் கோப்பு, முழங்கால் ஸ்கேன் இருக்கும் அந்தக் குறுந்தகடு உட்பட. அடுத்த கிளப்பின் மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.